பாலவாக்கத்துப் பீரங்கி

சேசு மரி சூசை

ரோசரி சர்ச் ரோடு, மயிலாப்பூர்
19 ஜூன் 1994

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை டோரதி எழுதுவது. நானும் ஜெசிகாவும் இங்கே சுகம். உன் சுகத்துக்காக ஞாயிறு பூசையில் வேண்டிக்கொண்டேன். இருமல் விட்டதா? இரும்பு ஆலையில் உலை வெக்கையில் நின்றுவிட்டு அப்படியே ஐஸ் தண்ணீர் குடிக்கிற பழக்கத்தை விட்டால் இருமலும் தானாக விடும்.

உன் மகள் ஜெசிகா ப்ளஸ் டூ வகுப்புக்குப் போகத் தொடங்கிவிட்டாள். உனக்கு நாலு வரி எழுதச் சொன்னேன். பேனாவில் மை இல்லை என்றாள். என் பேனாவைக் கொடுத்தேன். கை வலிக்கிறதாம். லில்லி அண்ணியின் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறு வாரமே நீ அவளை ரயிலேற்றி என்னிடம் அனுப்பினாய். ஆகஸ்டு வந்தால் இரண்டு வருடம். இரண்டு வருடமாக உனக்கு எழுதும்போது மட்டும் வருகிற கை வலி இது. எஸ்.டி.டி. பூத்துக்கு அழைத்துப் போனால் வாசலிலேயே நின்றுவிடுகிறாள். நான் என்ன செய்யட்டும்?

என் சேதிக்கு வருகிறேன். தி. நகரிலிருந்து ‘மின்மினிப் பெட்டி’ என்று ஒரு சிறுவர் மாத இதழ் வருகிறது. அதன் ஆசிரியர் ஷரஃபுதீன் எங்கள் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்கு வந்தபோது என்னிடம் தொடர்கதை கேட்டார். ஆகஸ்டு இதழிலிருந்து என் பெயரில் வரப்போகிறது. சிரிக்காதே. பாலவாக்கம் கடற்கரையில் மணலைத் தோண்டி ஒரு ராட்சசப் பீரங்கி கட்டுகிறார்கள். ஒரு கேப்டன், ஒரு டாக்டரம்மா, பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, மூன்று பேரையும் குண்டுக்குள் உட்கார வைத்துச் சந்திரனுக்குச் சுடுகிறார்கள். குழாயின் நீளம் 112 மீட்டர். வெளியே வரும்போது வேகம் வினாடிக்கு 11.2 கிலோமீட்டர். உள்ளே இருப்பவர்களுக்குத் தங்கள் எடை ஐந்து மடங்கானது போலத் தோன்றும், வேறொன்றும் ஆகாது என்று எழுதியிருக்கிறது. நான் தமிழ் டீச்சர். கணக்குக்கும் எனக்கும் உள்ள உறவு உனக்குத் தெரியும். நீ இன்ஜினீயர், பார்த்துச் சொல். உள்ளே இருப்பவர்களுக்கு நிஜமாகவே ஒன்றும் ஆகாதா?

ஆண்டவர் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும்.

டோரதி


ரூர்கேலா
6 ஜூலை 1994

அன்புத் தங்கை டோரதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எனக்கு இருமல் இல்லை. சாப்பாடு கேண்டீனில். குறை ஒன்றும் இல்லை. ஜெசிகாவின் உடம்பு எப்படி? கண்ணாடி மாற்ற வேண்டும் என்றாயே, மாற்றியாயிற்றா?

உன் கதையைப் பற்றி. மூன்று பேரும் செத்துப்போவார்கள்.

112 மீட்டருக்குள் அந்த வேகத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் எடை ஐந்து மடங்கு ஆகாது, ஐம்பத்தேழாயிரம் மடங்கு ஆகும். ஐம்பது கிலோ பெண்ணின் மேல் நிலக்கரி ஏற்றிய ஒரு முழு கூட்ஸ் ரயிலை நிறுத்தியது போல. கண் இமைக்கும் நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். சந்திரனுக்குப் போய்ச் சேருவது மூன்று பேர் அல்ல, தரையில் ஒட்டிய தோசை மாவு.

பீரங்கியின் குணம் அப்படி. கொடுக்க வேண்டியதையெல்லாம் எடுத்த எடுப்பிலேயே கொடுத்துவிடும். ராக்கெட் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுகிறது, அதனால்தான் ஆட்கள் ராக்கெட்டில் போகிறார்கள். குழந்தைகளுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுக்காதே.

இன்னொரு சேதி. ஜெர்மனியில் கன்னியர் மடத்தில் இருக்கிற லில்லியின் அக்கா, சிஸ்டர் ரெஜினா, ஜெசிகாவுக்கு அங்கே நர்சிங் படிப்பில் இடம் பிடித்துவிட்டார். அடுத்த ஜூனில் கிளம்ப வேண்டும். எல்லாம் முடிவாகிவிட்டது. அவளிடம் சொல்லிவிடு.

உன் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாயா?

ஆம்ப்ரோஸ்


சேசு மரி சூசை

மயிலாப்பூர்
7 ஆகஸ்டு 1994

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். ஜெசிகாவுக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, தைலம் மட்டும் தீர்ந்துவிட்டது.

உன் தோசை மாவுக் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். வீட்டில் யாருக்கும் அன்று தோசை இறங்கவில்லை. முதல் அத்தியாயம் 112 மீட்டரோடு அச்சாகிவிட்டது. பத்திரிகை ஆபீசுக்கு ஓடினேன். ஷரஃபுதீன் தலையில் கை வைத்துக்கொண்டார். “இன்னா டீச்சர், மொத மாசமே மூணு பேரையும் சட்னி பண்ட்டா எப்பிடி? பசங்க அழுதுக்கினு கீதுங்கன்னு அம்மாமாருங்க எங்கிட்ட சண்டைக்கு வருவாங்கோ. இன்னாவோ பண்ணுங்க, மூணு உசிரும் தங்கணும்!”

ஆகவே இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு முசுட்டு இன்ஜினீயர் வந்து, கணக்கு தப்பு என்று கத்துகிறார். மீசை இல்லை, சோடாப்புட்டிக் கண்ணாடி, யாரையும் முகம் பார்த்துப் பேச மாட்டார். யாரென்று நீயே கண்டுபிடி.

ஜெர்மனி விஷயத்தைச் சொன்னேன். ஜெசிகா முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்கி முடித்துக் கத்தியைக் கழுவி வைத்தாள். “எப்ப?” என்றாள். அடுத்த ஜூன் என்றேன். “டிக்கெட் எடுத்தாச்சா?” என்றாள். எனக்குத் தெரியாதும்மா என்றேன். “எடுத்திருப்பாரு,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்குச் சந்தோஷம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை.

கதைக்கு ஒரு கேள்வி. மூன்று பேரும் உயிரோடு போக வேண்டுமானால் குழாய் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்?

அன்புடன்,
டோரதி


ரூர்கேலா
25 ஆகஸ்டு 1994

அன்புத் தங்கை டோரதிக்கு,

சுகம், சுகமறிய ஆவல். தைலம் வாங்கிக்கொள். முசுட்டு இன்ஜினீயருக்கு என் வாழ்த்து.

கணக்கு சுலபம். வேகத்தை மீட்டரில் எழுதி, அதே வேகத்தால் பெருக்கி வர்க்கம் எடு. புவியீர்ப்பு பத்து, ஐந்து மடங்கு எடை என்றால் ஐம்பது, அதன் இரு மடங்கு நூறு. வர்க்கத்தை இந்த நூறால் வகுத்தால் குழாயின் நீளம் வந்துவிடும். போட்டுப் பார்த்தேன். 1,254 கிலோமீட்டர்.

எவ்வளவு தூரம் என்று புரிகிறதா? ஏறக்குறைய சென்ட்ரலிலிருந்து பம்பாய். அரக்கோணம், ரேணிகுண்டா, கடப்பை, குண்டக்கல், ராய்ச்சூர், சோலாப்பூர், பூனா, பம்பாய். வழி நெடுகக் குழாய். ஆனால் பாலவாக்கத்தில் ஏற்றக் கூடாது. பூமி கிழக்கு நோக்கிச் சுற்றுவதால் சுடுவதும் கிழக்கு நோக்கித்தான். மூன்று பேரும் பம்பாயில் ஏற வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக வேகம் பிடித்து, நாலு நிமிடத்துக்குள் பாலவாக்கம் வந்து, வங்கக் கடலுக்கு மேலே ஏறிவிடுவார்கள். நெஞ்சு கனக்கும், மூச்சு முட்டும். சாக மாட்டார்கள். பூமி உருண்டை, நடுவில் மலை இருக்கிறது என்பதையெல்லாம் இப்போதைக்கு மறந்துவிடுவோம்.

இதைப் போடுவதற்குச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். அதில் உட்கார்ந்து ரொம்ப நாளாயிற்று. வரைபடமும் வரைந்து வைத்திருக்கிறேன், சேர்த்து அனுப்புகிறேன். கதைக்கு உதவும்.

ஜெர்மனிக்குக் கம்பளிக் கோட்டு வேண்டும். ஜெசிகாவின் தோள் அளவு எடுத்து எழுது.

ஆம்ப்ரோஸ்


சேசு மரி சூசை

மயிலாப்பூர்
16 அக்டோபர் 1994

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே மழை பிடித்துவிட்டது. வேளச்சேரியில் இருக்கிற டீச்சர்கள் எல்லாம் முழங்கால் தண்ணீரில் நடந்து வகுப்புக்கு வருகிறார்கள்.

உன் பம்பாய்க் குழாய் ஊரைக் கலக்கிவிட்டது. ஷரஃபுதீன் உன் வரைபடத்தை நடுப்பக்கத்தில் போட்டார். பையன்கள் ரயில் அட்டவணை பார்த்து எந்த ஸ்டேஷனை எத்தனையாவது வினாடியில் தாண்டும் என்று எழுதி அனுப்புகிறார்களாம். எதிர்வீட்டுக் காமாக்ஷி மாமி இருக்கிறாளே, அவள் பேத்தி மதுவந்தி கொலுவிலேயே பீரங்கி வைத்துவிட்டாள். பிவிசி குழாய், இந்தப் பக்கம் பம்பாய் என்று ஒரு அட்டை, அந்தப் பக்கம் நீலக் காகிதத்தில் கடல். குழாய்க்குள் மூன்று செட்டியார் பொம்மைகள். மாமி என்னைப் பிடித்துக்கொண்டாள். “டீச்சர், சோலாப்பூர்ல என் பெரிய பொண்ணு இருக்கா. கைக்குழந்தைக்காரி. அந்தப் பக்கம் வரச்சே சத்தம் போடாம போகச் சொல்லுங்கோ!”

ஜெசிகாவும் சுண்டலுக்கு வந்தாள். கொலுவுக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். பிறகு ஒரு பொம்மையைக் குழாயிலிருந்து எடுத்து வெளியே, கொலுவில் செய்து வைத்திருந்த தெப்பக்குளத்தின் படியில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். நான் பார்த்தேன். மதுவந்தி பார்க்கவில்லை.

தோள் அளவு எடுக்க விட மாட்டேன் என்கிறாள்.

அடுத்த கேள்வி. குழாய்க்குள் போய்க்கொண்டிருக்கும்போது உள்ளே இருக்கிற ஒருவர் வேண்டாம் என்றால் நிறுத்த முடியுமா? ரயிலில் சங்கிலி இருக்கிறதே, அதைப் போல.

அன்புடன்,
டோரதி


ரூர்கேலா
13 நவம்பர் 1994

அன்புத் தங்கை டோரதிக்கு,

நலம். உங்கள் நலமறிய ஆவல். மழை நின்றதா?

நிறுத்த முடியாது. பீரங்கியில் சங்கிலி இல்லை. திரி பற்றிய பிறகு உள்ளே இருப்பவர் என்ன சொன்னாலும் வெளியே கேட்காது.

இனி வேறு விஷயம். 112 மீட்டர் எங்கிருந்து வந்தது என்று போன வாரம் கண்டுபிடித்துவிட்டேன். பதினோராயிரத்து இருநூறை வர்க்கம் எடுக்காமல் அப்படியே நூறால் வகுத்தால் 112. சூத்திரம் சரி, வர்க்கம் மட்டும் விட்டுப்போயிருக்கிறது. உனக்கு அந்தச் சூத்திரமே தெரியாது டோரதி. சூத்திரம் பிசகாமல் தெரிந்து, வர்க்கம் போட மட்டும் மறக்கிற ஆள் நம் குடும்பத்தில் ஒருத்திதான். இதே மேசையில் உட்கார்ந்து எத்தனை தடவை கத்தியிருக்கிறேன். லில்லி அடுக்களையிலிருந்து வந்து, “விடுங்க, சின்னப் பொண்ணு,” என்பாள்.

கதையை எழுதுவது ஜெசிகா. எனக்குத் தெரியும் என்று அவளிடம் சொல்லாதே. கேள்விகள் வந்துகொண்டே இருக்கட்டும்.

ஜெர்மனி அவள் நல்லதுக்குத்தான். பிடிக்கவில்லை என்றால் சொல்லியிருப்பாள்.

ஆம்ப்ரோஸ்


சேசு மரி சூசை

மயிலாப்பூர்
4 டிசம்பர் 1994

அண்ணா,

நாங்கள் சுகம். நீயும் சுகமாக இரு.

ஆமாம், அவள்தான். ஷரஃபுதீன் கேட்டது என்னை. எழுதியது அவள். என் பெயர் போட வேண்டும், அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்று எங்கள் கோயில் தோமையார் சுரூபத்துக்கு முன்னால் நிறுத்தி என்னிடம் சத்தியம் வாங்கினாள். முதல் கடிதத்திலிருந்து கேள்விகள் எல்லாம் அவளுடையவை. உன் பதில் வந்தால் நான் படித்து முடிக்கிற வரை பக்கத்திலேயே நிற்பாள், பிறகு வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள்.

பிடிக்கவில்லை என்றால் சொல்லியிருப்பாளாம். யாரிடம் சொல்ல வேண்டும்? நீ கேட்டாயா? இரண்டு வருடத்துக்கு முன்னால் கேட்டாயா, இப்போது கேட்டாயா? “எல்லாம் முடிவாகிவிட்டது, அவளிடம் சொல்லிவிடு,” என்று எனக்கு எழுதினாய். உள்ளே இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்று அவள் கேட்டது சந்திரனைப் பற்றி என்றா நினைத்தாய்? இவ்வளவு பெரிய இன்ஜினீயர், வர்க்கம் விட்டுப்போனதைக் கண்டுபிடிக்கத் தெரிகிறது, இது தெரியவில்லை. எனக்கு உன் மேல் கோபம். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொல்லிவிட்டேன்.

கதை முடிகிற இடத்துக்கு வந்துவிட்டது. மார்ச் இதழில் சுட வேண்டும். கடைசி அத்தியாயத்தை மட்டும் எழுதாமல் வைத்திருக்கிறாள். அவளுடைய கேள்வி இது, என் கையெழுத்தில்தான் இருக்கிறது: திரி யார் கையில் இருக்கும்?

டோரதி


சேசு மரி சூசை

மயிலாப்பூர்
29 ஜனவரி 1995

அண்ணா,

கிறிஸ்துமஸ் அட்டை வந்தது. அதில் உன் கையெழுத்தைத் தவிர ஒன்றும் இல்லை. பொங்கலும் போய்விட்டது. உடம்புக்கு ஏதாவதா? இல்லை உலைக்கு உடம்புக்கா? இரண்டில் எதுவானாலும் எழுது.

தபால்காரர் மணியடித்தால் ஜெசிகா வாசலுக்குப் போகிறாள். கேட்டால் காஸ் சிலிண்டர்காரன் என்று நினைத்தேன் என்கிறாள். சிலிண்டர் வந்து நாலு நாள்தான் ஆகிறது.

ஷரஃபுதீன் ஆள் அனுப்பிவிட்டார். பிறகு தானே வந்துவிட்டார். “டீச்சர், பம்பாய்ல மூணு பேரும் சீட்டுல குந்திக்கினு கீறாங்கோ, பசங்க மூச்சப் புட்ச்சிக்கினு கீதுங்கோ, நீங்க இன்னாடான்னா காபி குட்ச்சிக்கினு கீறீங்கோ. எப்பதான் வெடிக்கும்?” ஜெசிகாதான் அவருக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள். “கணக்கு இன்னும் வரல சார்,” என்று அவளே பதில் சொல்லிவிட்டாள்.

மார்ச் போனால் ஏப்ரல் இதழ். அதற்குமேல் அவர் பொறுக்க மாட்டார். அவளும் பொறுக்க மாட்டாள் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

டோரதி


ரூர்கேலா
19 பிப்ரவரி 1995

மரியாதைக்குரிய கதாசிரியருக்கு,

ரூர்கேலாவிலிருந்து ஆம்ப்ரோஸ் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் கண்ணைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

தாமதத்துக்கு உலை காரணமில்லை. உலை ஒழுங்காகத்தான் எரிகிறது. தாங்கள் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததை எப்படி எழுதுவது என்று இருந்துவிட்டேன்.

வழக்கமாகப் பீரங்கியைச் சுடுகிறவன் வெளியே, தூரத்தில் நிற்பான். அவனுக்கு அடி படாது. தான் செய்வது உள்ளே இருப்பவர்களின் நல்லதுக்கு என்றுதான் அவனும் நினைத்துக்கொண்டிருப்பான். அவனைப் பற்றிச் சொல்ல இதற்குமேல் ஒன்றும் இல்லை.

திரியே வேண்டாம். மின்சாரப் பொத்தான் வையுங்கள். கம்பியைக் குண்டுக்குள் இழுத்து மூன்று பேருக்கும் ஆளுக்கொரு பொத்தான் கொடுங்கள். மூன்றையும் அழுத்தினால்தான் வெடிக்க வேண்டும். ஒருவர் அழுத்தாவிட்டாலும் குண்டு அப்படியே கிடக்கட்டும். எவ்வளவு நாள் யோசித்தாலும் கிடக்கட்டும். 1,254 கிலோமீட்டர் இரும்பு வீணாகிறதே என்று யாராவது கேட்டால் என்னிடம் அனுப்புங்கள், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

சிஸ்டர் ரெஜினாவுக்கு எழுதிவிட்டேன். இன்னும் முடிவாகவில்லை, போகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும் என்று எழுதினேன். டிக்கெட் எடுக்கவில்லை.

தங்கள் கதையை ஆகஸ்டு இதழிலிருந்து வரவழைத்துப் படித்தேன். இன்ஜினீயரைக் கொஞ்சம் அதிகமாகவே கேலி செய்கிறீர்கள். ஆனாலும் நன்றாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஆம்ப்ரோஸ்


மயிலாப்பூர்
16 ஏப்ரல் 1995

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அத்தையும் சுகம். உங்கள் சுகத்தை எழுதவும். பரீட்சை முடிந்துவிட்டது. பிசிக்ஸ் நன்றாக எழுதினேன்.

ஏப்ரல் இதழில் மூன்று பேரும் பொத்தானை அழுத்திவிட்டார்கள். ஷரஃபுதீன் சாருக்காக. நான் அழுத்தவில்லை.

நான் நர்சாக முடியாது அப்பா. ரத்தத்தைப் பார்த்தால் எனக்கு மயக்கம் வரும். அது அம்மாவுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது என்று ஜெர்மனிச் செய்தி வந்த அன்றுதான் எனக்கே புரிந்தது. பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படிக்கப் போகிறேன். இங்கேயா அங்கேயா என்று லீவில் யோசித்துச் சொல்கிறேன்.

உங்கள் மேல் கோபமாக இருக்கிறது. கடிதம் வந்ததால் போய்விடவில்லை. அம்மா செத்துப்போன வீட்டில் நான் இருந்தால் அழுதுகொண்டே இருப்பேன் என்று நினைத்து அனுப்பியிருப்பீர்கள். இங்கே வந்தும் அழுதுகொண்டுதான் இருந்தேன். அத்தை தூங்கிய பிறகு அழ வேண்டியிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். நீங்கள் மட்டும் அந்த வீட்டில் இருக்கலாம், நான் இருக்கக் கூடாதா? அது எனக்கும் வீடு. அவள் எனக்கும் அம்மா.

மே மூன்றாம் தேதி கிளம்பி ஐந்தாம் தேதி காலை வந்து சேருவோம். அத்தையும் வருகிறாள். முழங்கால் வலியோடு வருகிறாள், கீழ் பெர்த் சொல்லியிருக்கிறோம். ஸ்டேஷனுக்கு யாரையும் அனுப்பாமல் நீங்களே வாருங்கள்.

அம்மாவின் அலமாரியை நான்தான் ஒதுங்க வைக்க வேண்டும். நீங்கள் ஏற்கனவே திறந்து புடவைகளையெல்லாம் மடத்துக்குக் கொடுத்திருந்தால், நான் கிளம்புவதற்கு முன்னால் எழுதிவிடுங்கள். வந்து பார்த்துத் தெரிந்துகொள்ள என்னால் முடியாது.

ஜெசிகா


தந்தி
ரூர்கேலா, 24 ஏப்ரல் 1995

அலமாரியை இதுவரை திறக்கவில்லை. என்னால் முடியவில்லை. ஸ்டேஷனில் நிற்பேன். அப்பா